பைலாவுக்கும் சேர்ச்சுக்கும் ஒரே டிலே பெடல், எதை எடுக்கிற?

கல்லாத்து_கம்பி

எல்லாருக்கும் வணக்கம். இஞ்ச வாசிக்கிறதோட சரி, எழுதிறது இதுதான் முதல்தரம். நான் பெரியகல்லாறு. கிட்டார் தொடங்கி ஆறு வருசம் ஆகுது, ஞாயிறு எண்டா சேர்ச்சில வாசிப்பன், மத்த நாளில நம்மட பெடியனுகள் சேர்ந்து ஒரு சின்ன பேண்ட் வைச்சிருக்கம், கல்யாண வீடு, பேத்டே எண்டு கூப்பிட்டா போவம், அதில முக்கால்வாசி பைலாதான் (ஆக்கள் எழும்பி ஆடுற பாட்டு வகை), இடையில தமிழ்ப்பாட்டு, ஆக்கள் ஆடிக் களைச்சாப் பிறகு ரெண்டு மூண்டு மெதுவான பாட்டு. ஸ்குவையர் ஸ்ட்ராட், 15 வாட் அம்ப், நடுவில பொஸ் எஸ்டி-1 ஓவர்டிரைவ் (சத்தத்தைக் கரகரப்பாக்கிற பெடல்) ஒண்டு, அவ்வளவுதான் என்ட சாமான்.

ரெண்டு வருசமா சல்லி சேத்து இப்பதான் நல்ல டிலே, அதாவது அடிச்ச சத்தத்தை எதிரொலியாத் திருப்பி விடுற பெடல், ஒண்டு வாங்கிற அளவுக்கு வந்திருக்கன். மாமாட மகன் கட்டார்ல இருக்கான், சித்திரை வருசத்துக்கு வரக்குள்ள வாங்கிட்டு வாறன் எண்டு சொல்லியிருக்கான். அவனுக்கு இதப்பத்தி ஒண்டும் தெரியாது, நான் பேரை எழுத்து விடாமச் சொன்னாத்தான் எடுப்பான், பிழையா வந்தா மாத்தவும் ஏலா. அதால கேட்டு வாங்கிறதுதான் புத்தி எண்டு நினைச்சன்.

நாலுக்குள்ள நிக்கிறன். பொஸ் டிடி-3டி, பொஸ் டிடி-8, டிசி எலெக்ட்ரானிக் ஃப்ளாஷ்பேக் 2, மறுகா டொனர் யெல்லோ ஃபால். கடைசியா சொன்னது விலை நல்லாக் குறைவு, மிச்ச சல்லிக்கு நல்ல கேபிள், ஸ்ட்ரிங் எல்லாம் எடுக்கலாம். யூடியூப்பில பார்த்தா நாலும் நல்லாத்தான் கேக்குது, ஆனா அவங்க எல்லாம் தனிய அறைக்குள்ள இருந்து ஆறுதலா வாசிக்கிறாங்க, நான் நிக்கிறது டிரம்மும் ரபானும் கீபோர்டும் ஒண்டாக் கத்திற இடம்.

இன்னொரு விசயமும் கிடக்கு. போன மாசம் கூட்டாளிட டிலே ஒண்டை இரவல் வாங்கிக் கல்யாண வீட்டில போட்டன். அவன் செட் பண்ணி வைச்சிருந்த மாதிரியே, 375 மில்லிசெக்கன், மூண்டு நாலு எதிரொலி. மெதுவான பாட்டில அப்பிடி ஒரு வடிவு, அழுகை வந்த மாதிரி இருந்திச்சு. பைலா தொடங்கினதுதான் தாமதம் எல்லாம் குழம்பிட்டு, டிரம் அடிக்கிறவன் ரெண்டு தரம் திரும்பிப் பாத்தான், நான் நிப்பாட்டிட்டன். பெடல் பிழையா, நான் வைச்ச விதம் பிழையா எண்டு இன்னும் விளங்கல்ல. அதையும் தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்க.


வாவிக்கரை_ஸ்ட்ராட்

தம்பி, வாங்க வாங்க. நான் கல்லடி, கிற்றார் பிடிச்சு முப்பது வருசத்துக்கு மேல. உங்கட கேள்வியில முக்கியமான பகுதி அந்தக் கடைசிப் பந்திதான், ஆனா அதுக்கு இஞ்ச ஒரு ஆள் இருக்கிறா, என்னை விட நல்லாச் சொல்லுவா, அவ வருவா. நான் பெடலைப் பத்திச் சொல்றன்.

டிஜிட்டல் டிலே எண்டா உள்ளுக்க என்ன நடக்குது எண்டு ஒழுப்பம் விளங்கினா வாங்கிறது லேசு. நீங்க அடிக்கிற சத்தத்தை அது இலக்கமாக்கி ஒரு நினைவகத்தில போட்டு வைக்குது, நீங்க சொன்ன நேரம் கழிச்சு அதைத் திருப்பி எடுத்து விடுது. இலக்கமா இருக்கிறதால முதல் எதிரொலியும் அஞ்சாவது எதிரொலியும் கிட்டத்தட்ட ஒரே தெளிவு. அனலொக் டிலே அப்பிடி இல்ல, அதுக்குள்ள ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன கொள்ளளவிகள் வரிசையா நிண்டு சத்தத்தைக் கை மாத்தும், கிணத்தடியில இருந்து ஆக்கள் வரிசையா நிண்டு வாளி மாத்துற மாதிரி, அதால ஒவ்வொரு கையிலயும் கொஞ்சம் சிந்தும், எதிரொலி போகப் போக மங்கி இருட்டாப் போகும். அந்த மங்கல்தான் சில ஆக்களுக்கு உயிர். எம்எக்ஸ்ஆர் கார்பன் கொப்பி அந்த வகை, 600 மில்லிசெக்கன் வரைக்கும் போகும்.

பொஸ்காரன் 80களின் முதல் பாதியில டிடி-2 எண்டு ஒண்டு விட்டான், கையளவு பெட்டிக்குள்ள டிஜிட்டல் டிலே வந்தது அதோடதான். ரோலண்ட் எஸ்டிஈ-3000 எண்ட பெரிய ராக் மெசினுக்குச் செஞ்ச ஐசியைத்தான் அந்தச் சின்னப் பெட்டிக்குள்ள அடக்கினாங்க. 1986ல அது டிடி-3 ஆச்சு. என்ட முதல் டிலே அதுதான், கொழும்பில செகண்ட்ஹேண்டா எடுத்தது. 2004 சுனாமியில வீட்டோட போயிட்டு. பிறகு கையில சல்லி வந்த நேரம், வேற எவ்வளவோ வந்திருந்தும், மறுகா டிடி-3தான் தேடி எடுத்தன். நாலு குமிழ். சத்தம், எதிரொலி எத்தினை, நேரம், மோட். இருட்டு மேடையில குனிஞ்சு பாக்காம விரலாலயே தெரியும் எது எங்க நிக்குதெண்டு.

2019ல வந்த டிடி-3டி அதே பெடல்தான், டாப் டெம்போ சேத்திருக்காங்க, காலால தாளம் தட்டினா எதிரொலி நேரத்தை அதுவே பிடிச்சுக்கொள்ளும். பழையதில இருந்த பெரிய குறை அது ஒண்டுதான். டிடி-8ல 11 மோட், 10 செக்கன் வரைக்கும் டிலே, 40 செக்கன் லூப். தம்பி, 11 மோட் எண்டு சொன்ன உடனே மனசு அங்கதான் போகும், எனக்கும் போகும். ஆனா ஒண்டைக் கேட்டுப் பாருங்க, ரிவேர்ஸ், ஷிம்மர் எல்லாம் நீங்க எந்தப் பாட்டில போடுவீங்க? பாட்டின்ட பேர் சொல்ல ஏலுமெண்டா வாங்குங்க, ஏலாட்டி அந்த மோட் உங்களுக்கு இல்ல.

வைக்கிற இடம் எஸ்டி-1க்குப் பிறகு. முன்னால வைச்சா எதிரொலியையும் சேத்து ஓவர்டிரைவ் அரைக்கும், கூழாப் போகும். அம்பில சென்ட், ரிட்டர்ன் ஓட்டை இருந்து அம்பின்ட கெயினைத்தான் பாவிக்கிறீங்க எண்டா டிலே அந்த ஓட்டைக்குள்ள போகோணும். 15 வாட்டில அனேகமா அது இராது, அப்ப யோசிக்க வேணாம், நேர முன்னால.


உல்லை_லூப்

அண்ணன் சொன்னதை மதிக்கிறன், ஆனா நான் மத்தப் பக்கம். நான் அறுகம்பே, சீசன் வந்தா வைகாசியில இருந்து ஐப்பசி வரைக்கும் கிழமைக்கு நாலு இரவு தனிய வாசிக்கிறன், பாட்டு, கிட்டார், வேற ஆள் இல்ல. என்ட வாழ்க்கையை மாத்தினது லூப்தான். ஒரு தரம் கோட் (ஒண்டா அடிக்கிற ஸ்வரக் கூட்டு) அடிச்சு விட்டா அது திரும்பத் திரும்ப ஓடும், அதுக்கு மேல லீட் வாசிக்கலாம், வெள்ளைக்காரனுகள் அப்பிடியே நிண்டு கேப்பானுகள். டிடி-8ல 40 செக்கன் இருக்கு, ஃப்ளாஷ்பேக் 2லயும் 40 செக்கன் இருக்கு. ஃப்ளாஷ்பேக்கில இன்னொரு வடிவு டோன்பிரிண்ட், ஃபோனை கிட்டார்ட பிக்அப்புக்குக் கிட்டப் பிடிச்சா கேபிள் வழியாவே புது சவுண்ட் பெடலுக்குள்ள போயிடும், அதை முதல்தரம் செஞ்ச நாள் நான் நம்பவே இல்ல. அதோட மாஷ் எண்டு ஃபுட்சுவிட்சை அழுத்தின பிறகும் இன்னும் அமத்தினா அந்த அமத்திற பாரத்துக்கு ஏத்த மாதிரி எதிரொலி கூடிக்கொண்டு போகும், கால்லயே பாட்டை ஊதிப் பெருப்பிக்கலாம்.

ஒரே ஒரு பெடல்தான் வாங்கப் போறாய் எண்டா நாளைக்கு வளர இடமுள்ளதை வாங்கு மச்சான். டிடி-8 எண்டுதான் சொல்லுவன்.


கல்லாத்து_கம்பி

ரெண்டு பேருக்கும் நன்றி. உல்லை அண்ணா, லூப் போட்டு அதுக்கு மேல டிலேயோட லீட் வாசிக்க ஏலுமா, ஒரே பெடல்ல?


உல்லை_லூப்

இல்ல, அதை முதலே சொல்லியிருக்கோணும். லூப் எண்டது அதில ஒரு மோட். குமிழை லூப்பில வைச்சா டிலே இல்ல, டிலேயில வைச்சா லூப் இல்ல. நான் லூப்புக்கு டிட்டோவும் டிலேக்கு ஃப்ளாஷ்பேக்கும் எண்டு ரெண்டு வைச்சிருக்கன். டிட்டோவில 5 நிமிசம் கிடக்கு, அதால 40 செக்கனை நான் பாவிக்கிறதே குறைவு.


கடல்காத்து

வாவிக்கரை அண்ணா கூப்பிட்ட மாதிரியே வந்திட்டன். நான் திருக்கோவில், சங்கீதம் படிப்பிக்கிறன், கிட்டார் என்ட ஆசைக்கு. தம்பி, உங்கட பெடலும் பிழையில்ல, நீங்களும் பிழையில்ல. கணக்குத்தான் பிழை.

ஒரு நிமிசத்துக்கு 60000 மில்லிசெக்கன். பாட்டின்ட வேகத்தால, அதாவது நிமிசத்துக்கு எத்தினை அடி எண்டதால, பிரிச்சா ஒரு அடியின்ட நீளம் வரும். 120 வேகம் எண்டா ஒரு அடி 500. அதில முக்கால்வாசி 375. இந்த முக்கால்வாசியைத்தான் புள்ளி வைச்ச எட்டு எண்டு சொல்றது, யூ2 பேண்டின்ட தி எட்ஜ் அதை வைச்சுத்தான் தன்ட சவுண்டையே கட்டினார், நீங்க நேரா அடிக்கிற ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் நடுவில எதிரொலி வந்து விழும், ஒரு ஆள் வாசிக்கிறது ரெண்டு ஆள் வாசிக்கிற மாதிரிக் கேக்கும். உங்கட கூட்டாளி அதைத்தான் செட் பண்ணி வைச்சிருந்திருக்கார். நாலு நாலா எண்ணுற பாட்டுக்கு அது சரி.

பைலா நாலு நாலா எண்ணுற பாட்டில்ல, ஆறு. ஒரு பாருக்குள்ள (ஒரு தாளச் சுத்து) பெரிய அடி ரெண்டு, ஒவ்வொண்டுக்குள்ளயும் சின்ன அடி மூண்டு. பெரிய அடி 120 எண்டு வைச்சா ஒரு பார் முழுக்க 1000 மில்லிசெக்கன், சின்ன அடி ஒவ்வொண்டும் 167. அப்ப எதிரொலி விழக்கூடிய இடங்கள் 167, 333, 500. 375 எதிலயும் இல்ல. 333ல இருந்து 42 தள்ளி விழுது, அது ஒண்டெண்டா காது பொறுக்கும், ஆனா ரெண்டாவது எதிரொலி 750ல விழக்குள்ள 83 தள்ளி, மூண்டாவது 125 தள்ளி. போகப் போக விலகுது. உங்கட டிரம்காரர் திரும்பிப் பாத்தது அந்த ரெண்டாவது மூண்டாவது எதிரொலிக்குத்தான், அவர்ட காது நல்ல காது.

இனி இதுதான் நான் சொல்ல வந்த விசயம். பைலாவில நல்லா இருக்கிறது 333. ஏனெண்டா ரெண்டு பெரிய அடி போற அதே பாருக்குள்ள மூண்டு சமமான அடியும் ஒளிச்சுக் கிடக்கு, ஆறை மூண்டு ரெண்டாவும் பிரிக்கலாம் ரெண்டு மூண்டாவும் பிரிக்கலாம். பைலாட ஆட்டமே அந்த இழுபறியிலதான் கிடக்கு. நம்மட மட்டக்களப்பு பறங்கி ஆக்கள் வயலின், ரபானோட கஃப்ரிஞ்ஞா எண்ட அவங்கட ஆட்டப்பாட்டை வாசிக்கிறதைக் கிட்ட நிண்டு கேட்டுப் பாருங்க, கால் ரெண்டா ஆடும், கை மூண்டா அடிக்கும், இந்தப் பைலா முழுக்க அதில இருந்து வந்ததுதான். 333ல வைச்ச டிலே அந்த மூண்டைத் தூக்கிக் காட்டும். டிரம்மோட முட்டாது, டிரம் சொல்லாமச் சொல்ற ஒண்டைச் சொல்லும்.

அதால டாப் டெம்போ இல்லாத எதையும் வாங்காதீங்க. டாப் இருந்தா ஒரு பாருக்கு மூண்டு தரம் சமமாத் தட்டுங்க, பாருக்கு ரெண்டு தரம் இல்ல, மூண்டு தரம். முதல்ல கால் கேக்காது, வீட்டில வாயால ரெண்டு எண்ணிக்கொண்டு காலால மூண்டு தட்டிப் பழகோணும், ஒரு கிழமை பிடிக்கும். ஃப்ளாஷ்பேக்கில முழு அடி, புள்ளி வைச்ச எட்டு, ரெண்டும் சேந்தது எண்டு மாத்திற சின்னச் சுவிட்ச் ஒண்டு இருக்கு, பைலாவுக்கு அது முழு அடியில நிக்கோணும், மத்த ரெண்டும் ஆறுக்குப் பொருந்தாது.

நேர அளவையும் பாருங்க. உங்கட சேர்ச் பாட்டு மெதுவானதெண்டு சொன்னீங்க. 72 வேகம் எண்டு வைச்சா ஒரு அடி 833, புள்ளி வைச்ச எட்டு 625. யெல்லோ ஃபால் 620ல முடியுது. டிடி-3டி 800ல முடியுது, அதாவது 75 வேகத்துக்குக் குறைஞ்ச பாட்டில முழு அடி அதுக்குள்ள அடங்காது. டிடி-8ல இந்தக் கவலையே இல்ல. இதை மட்டும் பார்த்தா நானும் டிடி-8 பக்கம்தான்.


அக்கரை_சோல்டர்

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். அக்கரைப்பற்றில அம்ப், மிக்சர் ரிப்பேர் செய்ற ஆள். சவுண்டப் பத்தி நீங்க கதைச்சிட்டீங்க, நான் உள்ளுக்க இருக்கிறதைக் கதைக்கிறன்.

மலிவு டிலே கனக்கத்துக்குள்ள பிடி2399 எண்டு ஒரு ஐசி கிடக்கும். கரோக்கே எக்கோவுக்கெண்டு வந்த ஐசி அது, டிஜிட்டல்தான், ஆனா மங்கலா வாறதால அனலொக் மாதிரி எண்டு பேர் வைச்சு விப்பாங்க. அதுல நேரத்தைக் கூட்டிறது எப்பிடியெண்டா உள்ளுக்க ஓடுற கடிகாரத்தை மெதுவாக்கிறது. மெதுவாக்க மெதுவாக்க சத்தம் கரகரக்கும், 350க்கு அங்கால நல்லாவே தெரியும். அதுக்குள்ள வைச்சுப் பாவிச்சா உண்மையில இனிமையான ஐசி, நான் நாலைஞ்சு பேருக்குச் செஞ்சே குடுத்திருக்கன். அக்கா சொன்ன 333 அதுக்குள்ள வருது, சேர்ச் பாட்டுத்தான் வராது.

கரண்ட். கட்டார்ல 240 வோல்ட், நமக்கு 230, ரெண்டும் 50 ஹேர்ட்ஸ், அங்க எடுக்கிற அடப்டர் இஞ்ச ஓடும், பயமில்ல. அமெரிக்காவில இருந்து வாறதெண்டாத்தான் 120 வோல்ட் மட்டும் எழுதினதா எண்டு பாக்கோணும், போன வருசம் அப்பிடி ஒண்டு எரிஞ்சு என்ட மேசைக்கு வந்திச்சு. பெடலுக்கு வேண்டியது 9 வோல்ட் டிசி, நடுவில மைனஸ். வீட்டில கிடக்கிற ரவுட்டர் அடப்டரைக் குத்திப் பாக்காதீங்க, அதில அனேகமா நடுவில பிளஸ், வோல்டும் வேற. டிடி-8 65 மில்லி அம்பியர் அளவில இழுக்கும். ஸ்ட்ரைமன் டைம்லைன் மாதிரிப் பெரியது 300 கேக்கும், அதுக்குத் தனி சப்ளை வேணும்.

இன்னொண்டு, டிஜிட்டல் பெடலையும் ஓவர்டிரைவையும் ஒரே அடப்டர்ல கொத்து வயர் போட்டு எடுத்தா சில நேரம் ஊய்ங் எண்டு மெல்லிய சத்தம் ஒண்டு வரும், டிலேக்குள்ள ஓடுற கடிகாரம் கரண்ட் வழியா ஓவர்டிரைவுக்குள்ள ஏறுது, அது அதைப் பெருப்பிக்குது. ஆக்கள் பெடல் பழுது எண்டு கொண்டு வருவாங்க, பழுதில்ல. ரெண்டுக்கும் ரெண்டு அடப்டர் போட்டா நிண்டிடும். கோயில் திருவிழா, கல்யாண வீடு எண்டு ஜெனரேட்டர்ல ஓடுற இடத்துக்கு 9 வோல்ட் பெட்டரி ஒண்டு பையில வைச்சிருங்க, எஸ்டி-1ஐ அதில ஓட்டினாலே பாதிச் சத்தம் போயிடும், அது மாசக்கணக்கா நிக்கும், டிலே பெட்டரியைக் குடிச்சிடும்.

கல்லாறு எண்டா ஒரு பக்கம் வாவி, மத்தப் பக்கம் கடல். உப்புக்காத்து ஜெக்கைத் தின்னும். மாரி முடிஞ்ச உடனே எல்லா ஜெக்கையும் கொண்டக்ட் கிளீனர் அடிச்சுப் பத்துத் தரம் குத்திக் குத்தி இழுங்க. என்ட மேசைக்கு வாற பெடல்ல பாதி அந்த ஜெக்கும் சுவிட்சும்தான், உள்ளுக்க ஐசி சும்மா சாகாது.


வாவிக்கரை_ஸ்ட்ராட்

தங்கச்சி சொன்ன கணக்கை நான் முப்பது வருசமா காதால செஞ்சுக்கொண்டு இருந்திருக்கன், ஏன் அந்த இடத்தில குமிழ் போய் நிக்குதெண்டு இண்டைக்குத்தான் விளங்கிச்சு.

தம்பி, சித்திரைக்கு இன்னும் நாள் கிடக்கு. என்ட மகன் வெளிநாடு போகக்குள்ள விட்டிட்டுப் போன டிடி-7 ஒண்டு சும்மா அலுமாரியில கிடக்கு, அதோட தட்டிறதுக்கு எஃப்எஸ்-5யு சுவிட்சும் இருக்கு. சனிக்கிழமை பின்னேரம் வந்து எடுத்துக்கொண்டு போங்க, ஒரு கல்யாண வீடும் ரெண்டு ஞாயிறும் வாசிச்சுப் போட்டுச் சொல்லுங்க. கல்லடிக்கு வந்த உடனே எனக்கொரு மெசேஜ் போடுங்க. டிடி-7ல 6.4 செக்கன் வரைக்கும் போகும், அதால நேரம் காணாமப் போகுதா இல்லையா எண்டும் தெரிஞ்சிடும்.

சத்த அளவு ஒண்டு சொல்லி விடுறன். வெளியில பந்தலுக்குள்ள வாசிக்கிறதெண்டா சுவர் இல்ல, சத்தம் போனது போனதுதான், டிலேயைக் கொஞ்சம் தாராளமா விடலாம். ஆனா தூரத்தில இன்னொரு சோடி ஸ்பீக்கர் கட்டியிருக்கா எண்டு முதல்ல பாருங்க. நம்மட சூட்டில சத்தம் செக்கனுக்கு 350 மீட்டர் அளவிலதான் ஓடுது, 35 மீட்டருக்கு அங்கால ஸ்பீக்கர் நிண்டா 100 மில்லிசெக்கன் எதிரொலி சும்மாவே வருது, அதுக்கு மேல நீங்களும் போட்டா பின்னுக்கு இருக்கிற ஆக்களுக்குப் பாட்டே விளங்காது. சேர்ச் எண்டா உயர்ந்த கூரை, சுவர் எல்லாம் திருப்பிக் குடுக்கும். அங்க டிலே சத்தத்தைப் பாதியாக் குறையுங்க, எதிரொலி ரெண்டுக்கு மேல வேணாம். ஆக்கள் வந்து நிறைஞ்சாப் பிறகு ஒழுப்பம் கூட்டலாம், மனுசர் சத்தத்தை உறிஞ்சுவாங்க.


கல்லாத்து_கம்பி

அண்ணா, என்ன சொல்றதெண்டே தெரியல்ல. கட்டாயம் வாறன்.


கல்லாத்து_கம்பி

மூண்டு கிழமை கழிச்சு எழுதிறன். நிறைய இருக்கு, பொறுமையா வாசிங்க.

அண்ணாட வீட்டில இருந்து டிடி-7 எடுத்து வந்து முதல் கிழமை முழுக்க அக்கா சொன்ன மாதிரி வாயால ரெண்டு காலால மூண்டு எண்டு பழகினன், அம்மா குசினியில இருந்து எட்டிப் பாத்து என்ன மகன் தரையை மிதிக்கிறாய் எண்டு கேட்டா. அஞ்சாவது நாள் கால் தானாப் பிடிச்சிச்சு. பிறகு களுவாஞ்சிக்குடியில ஒரு கல்யாண வீடு. பைலா தொடங்கி ரெண்டு பார் சும்மா விட்டிட்டு மூண்டு தட்டினன், கோட் ஒண்டை வெட்டி வெட்டி அடிச்சன், அக்கா, நீங்க சொன்னது அப்பிடியே நடந்திச்சு. எதிரொலி ரபானுக்கு மேல போய்க் குந்தின மாதிரி இருந்திச்சு. டிரம்காரன் இந்தமுறையும் திரும்பிப் பாத்தான், ஆனா சிரிச்சான், அடுத்த பாட்டில அவனே ஹைஹெட்டில அந்த மூண்டை எடுத்து அடிக்கத் தொடங்கினான். நான் ஆறு வருசமா வாசிக்கிறன், அப்பிடி ஒரு பத்து நிமிசம் எனக்கு முதல் வந்ததில்ல.

ஃபோன்ல ரெக்கோட் பண்ணி வீட்டில வேகத்தை அளந்து பாத்தன். முதல் பைலா 116ல தொடங்கியிருக்கு, கடைசி 128ல முடிஞ்சிருக்கு, ஆக்கள் ஆட ஆட நாங்களும் ஏறியிருக்கம். கணக்குப் போட்டா தொடக்கத்தில 345, முடிவில 312. ஒரே குமிழில வைச்சு விட்டிருந்தா கடைசிப் பாட்டில மறுகா குழம்பியிருக்கும். டாப் இல்லாமச் சரிவராது எண்டது இதிலயே முடிவாப் போச்சு, அப்ப யெல்லோ ஃபால் இல்ல.

சேர்ச்சிலதான் நான் நினைக்காத ஒண்டு நடந்திச்சு. அந்த 72 வேகப் பாட்டுக்கு 833 வைச்சுப் பாத்தன். டிடி-7ல வருது, ஆனா நல்லா இல்ல. எதிரொலி அவ்வளவு பிந்தி வரக்குள்ள கோட் மாறிடுது, பழைய கோட்டின்ட சத்தம் புதுசுக்கு மேல வந்து விழுது, பாடுற பிள்ளைகளும் ஒழுப்பம் தடுமாறினாங்க. 625 வைச்சன், வடிவா இருந்திச்சு. 417 வைச்சன், அரை அடி, அது இன்னும் பாட்டோட ஒட்டி நிண்டிச்சு. ரெண்டு ஞாயிறும் 700க்கு மேல ஒரு தரமும் நான் போகல்ல. அக்கா, 800ல முடியுதெண்டு நீங்க சொன்ன கணக்குச் சரி, ஆனா என்ட பாட்டுகளுக்கு அந்தச் சுவர் வரைக்கும் நான் போகவே இல்ல.

டிடி-7ல அனலொக், மொடியுலேட், ரிவேர்ஸ் எல்லாம் இருக்கு. வீட்டில எல்லாத்தையும் ஆசை தீரப் போட்டுப் பாத்தன், ரிவேர்ஸ் ஒரு இரவு முழுக்க. மேடையில ஒண்டும் தொடல்ல. அண்ணா கேட்ட மாதிரி எந்தப் பாட்டில போடுவன் எண்டு யோசிச்சன், பேர் சொல்ல ஏலல்ல. அதால டிடி-3டி, அதோட எஃப்எஸ்-5யு. மச்சானுக்கு ரெண்டின்ட படத்தையும் அனுப்பி, பெட்டியில 3க்குப் பக்கத்தில டி எண்ட எழுத்து இருக்கா எண்டு பாக்கச் சொல்லிட்டன், அது இல்லாட்டி பழையது, டாப் இராது எண்டும் விளங்கப்படுத்திட்டன்.


உல்லை_லூப்

நல்ல முடிவு மச்சான், நான் சொன்னதை எடுக்கல்ல எண்டு ஒரு மனவருத்தமும் இல்ல. நான் தனிய வாசிக்கிறவன், நேரத்தை நானே வைச்சிருக்கன், டாப் எனக்கு அவ்வளவு தேவைப்பட்டதில்ல, அதால அந்தப் பக்கம் யோசிக்கவே இல்ல. வைகாசியில இந்தப் பக்கம் வந்தா சொல்லு, என்ட ஃப்ளாஷ்பேக்கில ஒரு இரவு வாசிச்சுப் பாரு.


கடல்காத்து

தம்பி, அந்த 417 எனக்குப் பிடிச்சிருக்கு. நான் எப்பவும் முழு அடியை வைச்சே கணக்குப் போடுவன், கோட் எத்தினை அடிக்கு ஒருக்கா மாறுதெண்டதையும் சேத்துப் பாக்கோணும். என்ட பிள்ளைகளுக்கு இந்தக் கிழமை அதைத்தான் படிப்பிக்கப் போறன். டிரம்காரருக்கும் சொல்லுங்க, ஹைஹெட்டில அந்த மூண்டை அவர் எடுத்தாரெண்டா அப்ப நீங்க எதிரொலியை ஒண்டாக் குறைச்சு அவருக்கு இடம் விடோணும்.


அக்கரை_சோல்டர்

எஸ்டி-1க்கு வேற, டிலேக்கு வேற அடப்டர். மறந்திடாதீங்க.


வாவிக்கரை_ஸ்ட்ராட்

சந்தோசம் தம்பி. புதுசு வாற வரைக்கும் டிடி-7 உங்களிட்டயே இருக்கட்டும், அவசரமில்ல. உங்கட மச்சானிட்ட 15 சென்ரிமீட்டர் பாட்ச் கேபிள் ரெண்டு கொண்டுவரச் சொல்லுங்க, ஒண்டு எஸ்டி-1க்கும் டிலேக்கும் நடுவில, மத்தது கையில. சுவிட்சுக்கும் ஒரு நீளக் கேபிள் வேணும், அதைப் பெட்டியோட தரமாட்டாங்க. பெடலை கார்கோவில போடாம கைப்பையிலயே கொண்டுவரச் சொல்லுங்க.


கல்லாத்து_கம்பி

சொல்லிட்டன் அண்ணா. கேபிள் மூண்டு எழுதி அனுப்பியிருக்கன்.